யாரும் செருப்பைப் பார்க்காத மாதம்

அந்த மேடம் மூன்றாவது தடவையாகக் கடைப் படி ஏறியபோதுதான் ஸ்பைரல் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. முதல் தடவை ஒரு படிவம் டைப் செய்து அறுபது நகல் எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது தடவை ஏதோ அறிக்கையைப் பைண்டிங் போட்டார். இன்று கையால் எழுதிய பன்னிரண்டு தாள்களை நீட்டினார், டைப் செய்து தரவேண்டுமாம்.

மருத்துவக் கல்லூரியில் அவர் உட்கார்ந்திருக்கும் துறையில் டைப் அடிப்பதற்கென்றே ஒரு கிளார்க் இருக்கிறார். தலை சீவுவதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வேலை கிடையாது. அவரை விட்டுவிட்டு, வெயிலில் கேட்டைத் தாண்டி, மதிலை ஒட்டி நடந்து இங்கே வருவானேன்?

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் ரிப்பேரா மேடம்?"

"இல்லையே, நல்லா ஓடுது. உங்க கை சுத்தமா இருக்கு, ஒரு பிழை வர்றதில்ல."

பாராட்டு வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். வந்தது.

"பயிற்சி டாக்டருங்க எல்லாம் உங்ககிட்டதான் வர்றாங்களா?"

"எல்லாரும் வருவாங்க. கடைன்னா அப்படித்தானே."

"என்ன டைப் பண்ணச் சொல்வாங்க?"

"குடுக்கறத டைப் பண்ணச் சொல்வாங்க."

மேடம் சிரித்தார். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதை எடுத்து மாட்டிக்கொண்டு அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். படித்து முடித்த பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் தங்களை டாக்டர் என்று உணர ஆரம்பிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேறு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறாராம்.

இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று அக்காவுக்கு இருந்தது. அவளைக் கேட்டால் கவுண்டரில் நின்றபடியே சொல்லிவிடுவாள். முதல் மாதம் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டே டீக்கடை வரை போவார்கள். ஆறாவது மாதம் அது பாக்கெட்டுக்குள் போய்விடும். பத்தாவது மாதம் வெள்ளைக் கோட்டை உள்பக்கம் வெளியே தெரிய மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, யாரும் தன்னை டாக்டர் என்று கூப்பிட்டுவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்தபடி பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவார்கள். அன்றைக்கு அவர்கள் டாக்டர்.

ஆனால் அதையெல்லாம் சொல்லவில்லை. மடியில் கனம் இருந்தால் வாய் தானாகவே சுருங்கிக்கொள்ளும்.

அந்தக் கனம் ஏறி மூன்று வருடம் ஆகிறது. பயிற்சி டாக்டர்கள் மாதம் ஒரு பக்கம் 'சுயசிந்தனைக் குறிப்பு' எழுதித் தரவேண்டும் என்று துறை ஒரு விதி கொண்டுவந்தது. வார்டில் என்ன நடந்தது, மனதில் என்ன தோன்றியது, நீ எப்படி மாறினாய்? அதற்கு மதிப்பெண் உண்டு. அந்த முதல் மாதம், கவுண்டருக்கு மேலே நெற்றி மட்டும் தெரிகிற ஒரு குட்டி டாக்டர் வந்து ஒரு தாளைக் கொடுத்தாள். நாலே வரி. 'ஒரு நோயாளி இறந்தார். வருத்தமாக இருந்தது. இனி இன்னும் நன்றாகச் செய்வேன். நன்றி.'

"ஒரு பக்கம் வேணும்னு போட்டிருக்காங்களேம்மா?"

"மீதிய நீங்களே போட்டுடுங்கக்கா. முப்பது மணி நேரமா நிக்கிறேன். எனக்கு இப்ப எதுவுமே தோணல." சொல்லிவிட்டு, ஸ்பைரல் சுருள்கள் வைத்திருந்த பெட்டி மேல் தலையைச் சாய்த்துத் தூங்கியே போனாள்.

அக்கா போட்டாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் எழுதியதை மட்டுமே அடித்துக்கொண்டிருந்தாள். 'அவரை எடுத்துச் சென்ற பிறகு விரிப்பை மாற்றினார்கள். அடுத்த நோயாளியும் வந்து படுத்துவிட்டார். கட்டிலுக்குக் கீழே செருப்பு மட்டும் அப்படியே இருந்தது. முதலில் காலால் தள்ளப் போனேன். பிறகு குனிந்து கையில் எடுத்தேன்.'

குட்டி டாக்டருக்கு அந்த மாதம் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வந்தது. அடுத்த மாதம் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் கடைக்கு வெளியே பெஞ்ச் போடவேண்டி வந்தது. ஸ்பைரல் பைண்டிங் போடுகிறவள் என்பதால் அவர்கள் வைத்த பெயர்தான் ஸ்பைரல் அக்கா. வீட்டில்கூட இப்போது அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகத்தான் எழுதினாள். ஒருவருக்கு ஜன்னல் வெளிச்சம், ஒருவருக்குப் பாதி குடித்த டம்ளர். ஆனாலும் கை சோர்ந்துபோன நாட்களில் செருப்பு எப்படியோ உள்ளே வந்துவிடும். தோல் செருப்பு, குழந்தையின் செருப்பு, ஒற்றைச் செருப்பு. போதுமான அளவுக்கு மாற்றிவிட்டோம் என்றே நினைத்திருந்தாள்.

பன்னிரண்டு தாள்களை அடிக்க உட்கார்ந்தாள். ஏழாவது தாளில் விரல் நின்றது.

'மூன்று ஆண்டுக் குறிப்புகளில் நாற்பத்தொரு இடங்களில் இறந்த நோயாளியின் செருப்பு வருகிறது. பயிற்சி மருத்துவர் தன் தொழில்சார் அடையாளத்தைக் கண்டுகொள்ளும் தருணத்தின் பொதுப் படிமம் இது. எவரும் கற்பித்ததல்ல, தானாக முளைத்தது.'

அன்று மாலை, சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே கணவரிடம் சொன்னாள். அவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே முப்பது வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்தே பழகியவர், மனிதர்களிடமும் அதையே தேடுவார்.

"தூண்டில்டி இது," என்றார். "நீ அடிக்கிறப்ப உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் உன்கிட்டயே குடுத்திருக்கா."

"அவங்க தாளைக் குடுத்துட்டுப் போயிட்டாங்களே. மூஞ்சிய எங்க பாத்தாங்க?"

"வாங்க வர்றப்ப பாப்பா. கல்லூரிக் கடுதாசிய எடு."

கடுதாசியை எடுக்கவே வேண்டாம், அவளுக்கு மனப்பாடம். கல்லூரி மதிலோடு சேர்த்துக் கட்டிய அறைதான் கடை. வருடா வருடம் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயருக்கு ஊறு விளைவித்தால் முன்னறிவிப்பின்றி அறை திரும்பப் பெறப்படும் என்று நாலாவது நிபந்தனை. புதுப்பிக்கும் நாள் அடுத்த மாதம். பயிற்சி டாக்டர்களின் மனசை மதில் ஓரத்தில் ஒருத்தி டைப் அடித்துக் கொடுக்கிறாள் என்று தெரிந்தால் முதல்வர் பேனாவை மூடி வைத்துவிடுவார். கணவரின் முழங்கால் படியேற விடாமல் செய்ததிலிருந்து வீடு நிற்பதே அந்தக் கடையின் மேல்தான்.

"இனிமே ஒரு வரி எழுதாத. கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழி," என்றார் அவர்.

அழித்தாள். மறுநாள் தாள்களை வாங்க வந்த மேடம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, தாளைத்தான் பார்த்தார். அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பார்க்காமலிருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும் அல்லவா?

மாதக் கடைசி வந்தது. பெஞ்ச் நிறைந்தது. அக்கா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: எழுதிக் கொடுத்ததை அடித்துத் தருவேன், கூட ஒரு சொல் போடமாட்டேன்.

"என்னக்கா, எங்க மேல கோவமா?"

"கோவமும் இல்ல, தாபமும் இல்ல. கண்ணு வலி."

நாலு வரிகள் நாலு வரிகளாகவே அச்சாகிப் போயின. கடைசியில் வந்தவன் கொக்கு. உயரத்துக்காகக் கூட்டாளிகள் வைத்த பெயர். கடை வாசலில் குனிந்துதான் நுழைவான்.

"அக்கா, எனக்கு மட்டும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"இதையேதான் உனக்கு முன்னாடி வந்த பத்தொம்பது பேரும் சொன்னாங்க."

"நான் எழுதினா மார்க் போடவே மாட்டாங்கக்கா."

"செத்தது என் நோயாளியா, உன் நோயாளியா? நான் எங்கடா போய் எழுதறது?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்தான். அவள் அடிக்க ஆரம்பித்தாள்.

'ஆறாம் கட்டில். காலை ஏழு பத்து. அவர் போன பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். முதல் மாதக் குறிப்புக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். இன்று செருப்பு இல்லை. வெறுங்காலோடு தூக்கி வந்திருக்கிறார்கள். ஆனால் பாதம் சுத்தமாக இருந்தது. யாரோ கழுவிவிட்டிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.'

அவ்வளவுதான். பாதிப் பக்கம்கூட வரவில்லை. அவனுடைய அந்த முதல் மாதக் குறிப்பை எழுதியது அவள்தான். தோல் செருப்பு, ஓரம் தேய்ந்தது என்று போட்டிருந்தாள்.

"இது நெசமா?" என்று கேட்டாள்.

"எது?"

"செருப்பு இல்லாதது."

"இருந்திருந்தா இருந்துச்சுன்னு எழுதியிருப்பேன். இல்லாததுக்கு நான் என்னக்கா பண்றது?"

அவன் புளுகுகிறானோ என்று அவன் போன பிறகும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தொரு செருப்பு வைத்தவள் அவள். ஒரு தடவைகூடச் செருப்பே இல்லாமல் வைக்கத் தோன்றியதில்லை. புளுகுகிறவனுக்கு அது தோன்றாது. அந்த ஒரு காரணத்துக்காக நம்பினாள்.

பத்து நாள் கழித்து, மதியம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மேடம் வந்தார். கையில் ஒரு தாள்கட்டு. கவுண்டரில் வைத்துவிட்டு நேராக அவள் முகத்தைப் பார்த்தார், முதல் தடவையாக.

"இந்த மாசம் இருபது பேர்ல யாருமே செருப்பைப் பாக்கல," என்றார். "ஒருத்தர் மட்டும் இல்லாத செருப்பைப் பாத்திருக்கார்."

அக்கா பஞ்சிங் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"போன மாசம் வரைக்கும் பக்கம் பக்கமா எழுதினவங்க திடீர்னு நாலு வரிக்கு வந்துட்டாங்க. என்ன ஆச்சுன்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். எல்லாரும் ஒரே பதில் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஸ்பைரல் அக்காவுக்குக் கண்ணு வலின்னு."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. நிறுத்தியதால்தான் மாட்டிக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுதிக்கொண்டே போயிருந்தால் இந்த அம்மாள் செருப்பை எண்ணிக்கொண்டே இருந்திருப்பார்.

"அப்ப நீங்க வேவு பாக்க வரலையா?"

"வேவா?" மேடம் நிஜமாகவே திகைத்தார். "துறையில அந்தக் கிளார்க் எதக் குடுத்தாலும் ஊருக்கே படிச்சுக் காட்டறார். உங்க வேலை உண்டு நீங்க உண்டுன்னு இருக்கீங்களேன்னு வந்தேன். நீங்க எதையும் படிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க."

"பன்னெண்டு பக்கமும் போச்சு. தானாக முளைத்ததுன்னு வேற எழுதியிருக்கேன்."

"தெரியும். நான்தானே அடிச்சேன்."

மேடம் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். துறைக்கு இது தெரிந்தால் தன் ஆராய்ச்சியும் அதோடு முடிந்தது, மூன்று வருடத்துக் குறிப்பையும் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. அவர் கனிவாகச் சொன்ன எதையும் அக்கா நம்பவில்லை. அந்தப் பயத்தை நம்பினாள்.

"ஒரு வழி இருக்கு," என்று மேடம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பார்த்த மாத்திரத்தில் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவளே அடித்து, அவளே அறுபது நகல் எடுத்த ஒப்புதல் படிவம். "அந்தப் பசங்க எல்லாரும் இதுல கையெழுத்து போட்டவங்க. அவங்க பேர் எங்கயும் வராது. நீங்களும் போட்டா நீங்களும் என் ஆராய்ச்சிக்குள்ள வந்துடுவீங்க. அப்புறம் முதல்வரே கேட்டாலும் நான் சொல்லக் கூடாது. புதுசா எழுதப்போறேன், செருப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு. அது ஒருத்தர் கண்ணுக்குள்ள எப்படிப் போச்சுன்னு."

"ஒரு கடைக்காரம்மான்னு எழுதினா போதுமே. மதிலோரத்துல வேற எத்தனை கடை இருக்கு?"

"கடைன்னே எழுத மாட்டேன்."

தான் அடித்த படிவத்தைத் தானே இரண்டு முறை படித்தாள். தொழில் என்ற இடத்தில் மாணவர், பயிற்சி மருத்துவர், பேராசிரியர், மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. மற்றவை என்பதில் டிக் அடித்து, பக்கத்துக் கோட்டில் எதையும் எழுதாமல் விட்டாள். கையெழுத்துப் போட்டாள். மெஷினில் வைத்து ஒரு நகல் எடுத்து, கல்லூரிக் கடுதாசி இருந்த கோப்பிலேயே வைத்தாள். கணவர் கேட்டால், போச்சு, எழுதிக் குடுத்துட்டியா என்று தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும்.

ஷட்டரைப் பாதி இறக்கினாள். மேடம் உள்ளங்கை அளவு கருவியைக் கவுண்டரில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அந்தச் செருப்பு யாரோடது?" என்று கேட்டார்.

"இது இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப முதல்ல அந்தப் படிவத்துல ரெண்டாவது பாராவ உங்க குரல்ல படிங்க. அதுவும் இதுல இருக்கட்டும்."

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார். "பங்கேற்பாளரின் பெயர், அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும்..."

"பெயர், பணியிடம். பணியிடத்தை விட்டுட்டீங்க."

"மன்னிச்சுக்கங்க. பங்கேற்பாளரின் பெயர், பணியிடம், அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் எந்த நிலையிலும் எவருக்கும் வெளியிடப்படாது."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "அக்கா, ஒரு ஜெராக்ஸ்," என்றார்கள். "அரை மணி ஆகும்," என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். காலடி போகும் வரை காத்திருந்தாள். பிறகு கருவிக்குச் சற்று நெருக்கமாகக் குனிந்தாள்.

"நீலச் செருப்பு," என்றாள். "இடது கால்ல வார் பிஞ்சு, ஊக்கு குத்தியிருந்துச்சு. அந்த ஊக்க மட்டும் நான் யாருக்கும் எழுதிக் குடுத்ததில்ல. ஆஸ்பத்திரியில செத்துப்போன எங்க அக்காவோடது, என் கூடப்பொறந்தவ."