வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் வார்த்தவர்

அண்ணன் ஈச்சிலம்பற்றில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வந்து டவுன் பக்கம் ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தோம். சண்டை முடிந்த பிறகு, கடற்கரை ஹோட்டல் ஒன்றில் குதிரை பார்க்கும் வேலை கிடைத்தது. வெளிநாட்டார் ஏறி மணலில் ஓடும் குதிரைகள் மூன்று.

இந்த நினைவு மலருக்கு அவருடைய நற்குணங்களை எழுதச் சொன்னார்கள். எனக்கு அது வராது. நம் உறவுக்குள் ஒரு கதை ஓடுகிறது, அண்ணன் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குதிரையைக் கொன்றார் என்று. அது பொய். அதை மட்டும் எழுதுகிறேன்.

ஓடி வந்த குதிரையை அப்படியே கட்டக்கூடாது. அண்ணன் சேணத்தைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். உடனே பலகைத் துண்டால் வழித்து விடுவார். வழிக்காவிட்டால் அந்தத் தண்ணீரே சூடாகும். திரும்ப ஊற்றுவார், வழிப்பார். பிறகு நிழலில் நடத்துவார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, மூச்சு அடங்கின பிறகுதான் லாயத்தில் கட்டுவார்.

அன்று உச்சி வெயில். சிவப்புக் குதிரை இரண்டு தரம் ஓடி வந்து நின்றது. அண்ணன் முதல் வாளியை ஊற்றும்போது மேலாளர் வந்தார். கூட வேலை செய்த கிண்ணியா ஊர் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் நின்று கேட்டது இது.

"இன்னும் ரெண்டு பேர் நிக்கினம். சேணத்தைப் போடு."

"ஏலாது சேர். மூச்சு அடங்கேல்ல. அரை மணித்தியாலம் தாங்கோ."

"நீ என்ன குதிரை டொக்டரோ?"

மேலாளரே சேணத்தைப் போட்டு ஆளை ஏற்றி அனுப்பினார். குதிரை போன வழியில் விழுந்தது. எழும்பவில்லை. சூட்டு உடம்பில் தண்ணீர் ஊற்றினதால் செத்தது என்று பழியைப் போட்டு அண்ணனை வேலையால் நிப்பாட்டினார்கள். பிறகு அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

நானா அன்றே வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். நம் ஆட்களோ ஹோட்டல்காரன் சொன்னதைத்தான் நம்பினார்கள். ஒரு கலியாண வீட்டில் உறவில் பெரிய மனுசர் ஒருவர் சொன்னார்:

"மாப்பிள்ளையின்ர காலுக்குத் தண்ணி வாக்க இவரை விட்டிடாதேங்கோ. ஆள் விழுந்திடும்."

பந்தல் சிரித்தது. அண்ணன் சாப்பிடாமல் எழும்பினார். நானும் பக்கத்தில்தான் இருந்தனான். வாய் திறக்கவில்லை. சிரித்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் என் மேலும் உண்டு. அதன் பிறகு அண்ணன் ஒரு நன்மை தின்மைக்கும் போகவில்லை.

கடைசியில் கடும் காய்ச்சல். அண்ணி நெற்றியில் ஈரத்துணி போட்டார்.

"துணி சூடாப் போட்டுது. எடுத்து எடுத்துப் போடும்" என்றார் அண்ணன். பிறகு அவர் கதைக்கவே இல்லை, அப்படியே போய்விட்டார்.

அண்ணியோடு கண்விழித்தவர்களுக்கும், பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும், கடைசி வரை வந்து பார்த்த நானாவுக்கும் எங்கள் நன்றி.

செத்த வீட்டில் அண்ணனைக் குளிப்பாட்ட அந்தப் பெரிய மனுசரும் வந்து செம்பை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி விட்டேன்.

"ஏன் தம்பி?" என்று கேட்டார்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இதுதான் பதில்.