தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று

என் வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். ஒன்று சாப்பாடு, மற்றது கார் ரேஸ். இரண்டும் ஒரே உடம்பில் குடியிருந்ததுதான் சிக்கல்.

கஹவத்தை பஸாரில் அவரும் ஒரு சிங்கள நண்பரும் சேர்ந்து லொறி திருத்தும் கராஜ் நடத்துகிறார்கள். நான் சேலை வியாபாரம். சனி ஞாயிறுகளில் சேலைக்கட்டுகளை எங்கள் பழைய சின்ன ஜப்பான் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் விரித்து விற்பேன். கார் என் பெயரில்தான் பதிந்திருக்கிறது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளோடு இந்த முறை கால் மைல் கார் ஓட்டமும் உண்டு என்று பக்கத்து ஊர்க் கழகம் ஒன்று அறிவித்தது. புதிதாகத் தார்க் காப்பட் போட்ட நேர் ரோடு ஒன்றைப் பொலிஸ் அனுமதியோடு ஒரு காலை நேரத்துக்கு மூடி, இரண்டு இரண்டு காராக விடுவார்கள். முன்னால் போய்ச் சேருகிறவருக்கு அடுத்த சுற்று. சின்னக் கார்களின் பிரிவில் எஞ்சினில் கைவைக்கக் கூடாது. பாரத்தை மட்டும் குறைக்கலாம். அதற்கும் ஓர் எல்லை வைத்திருந்தார்கள்: ஓட்டுகிற ஆளோடு சேர்த்து எழுநூறு கிலோவுக்குக் கீழே போகக் கூடாது.

அந்த அறிவித்தலைப் படித்த நிமிடத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. முதல் நாள் ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் போயின. நான் பேசவில்லை. இரண்டாம் நாள் பின் சீட் போயிற்று. சேலைக்கட்டு வைக்க இடம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் நான் செய்த பிழை. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் வாயை மூடி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் ஏசி மெஷின், ரேடியோ, தரை விரிப்பு, முன் பம்பர், பின் பம்பர், பக்கத்து சீட் எல்லாம் போயின. கதவுக்கு உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார்கள். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் தகடு வைத்தார்கள். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின்னைச் சாத்துகிற சத்தம் வந்தது.

நான் அதே காரில்தான் வியாபாரத்துக்கும் போய்வந்தேன். ஒரு லயத்தில் என்னிடம் வழக்கமாகச் சேலை எடுக்கும் அக்கா காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, யாருக்கும் அடி கிடி படலையே?"

"ஆக்ஸிடன் இல்லக்கா. எங்க வீட்டுக்காரருதான்."

"அப்ப அதவிட மோசம்" என்றார்.

கழற்றியது எத்தனை கிலோ என்று தெரியவேண்டுமே. காரின் வெறும் பாரம் புத்தகத்தில் இருக்கிறது. அதிலிருந்து கழற்றியதைக் கழித்தால் மிச்சம் வரும். காரை நிறுக்க எங்களிடம் தராசு இல்லை. ஆனால் என் அண்ணனிடம் ஒரு தராசு இருந்தது. அண்ணன் மேலே தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு தொங்கும். பெண்கள் கொழுந்துச் சாக்கை அதில் மாட்ட, அவர் பார்த்துச் சொல்லி எழுதுவார். ஒரு மாலை, கொழுந்து லொறி போன பிறகு, நாங்கள் எங்கள் காரின் பாதியைச் சாக்குகளில் கட்டிக்கொண்டு போய் இறக்கினோம். அண்ணன் ஒவ்வொன்றாக மாட்டினார், சொன்னார், எழுதினார். மொத்தம் பதினான்கு சாக்கு.

வீட்டில் கூட்டிப் பார்த்தபோது வீட்டுக்காரரின் முகம் விழுந்தது. இன்னும் நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் குறைக்க இடமிருந்தது. காரிலோ கழற்ற ஒன்றும் இல்லை. நண்பர் எட்டி நின்று காரைப் பார்த்தார், பிறகு இவருடைய வயிற்றைப் பார்த்தார்.

"மச்சாங், கழட்ட இன்னும் ஒரு சாமான் இருக்கு. ஆனா அதுக்கு எங்கள்ட்ட ஸ்பேனர் இல்ல."

அன்றைக்கே இவர் பத்தியம் தொடங்கினார். ஒன்பது நாள் வெறும் பப்பாசிப் பழமும் அவித்த கடலையும். வீடு ஒன்பது நாளும் சாவு வீடு மாதிரி இருந்தது. தொடங்கும்போது தொண்ணூற்று நான்கு கிலோ. ஒன்பதாம் நாள் மடுவத்துக்குப் போய், கொழுந்து மாட்டுகிற கொக்கியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தராசு முக்கியது. "தொண்ணூத்தி ஒன்னு" என்றார் அண்ணன். மூன்று கிலோ குறைந்துவிட்டதாம். வருகிற வழியிலேயே அந்த வெற்றியை நான்கு ரொட்டியோடு கொண்டாடினார்.

மூன்று கிலோவால் என்ன ஆகும்? கடைசியில் அந்தப் பேச்சை எடுத்தது நண்பர்தான். என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "நங்கி எத்தனை கிலோ?" என்று கேட்டார். கிளினிக்கில் நிறுத்தது ஞாபகம் இருந்தது. நாற்பத்தாறு. நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நான் ஓட்டினால் சரியாக எழுநூறு.

இவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் ரப்பர் தோட்டத்து நேர் ரோட்டில் நாங்கள் இருவரும் ஓட்ட, நண்பர் போனில் நேரம் பார்த்தார். நான் ஒரு செக்கனுக்கும் மேலே முந்தினேன். இவர் ஸ்பேனரை எடுத்தார். என் காலுக்கு எட்டுகிற மாதிரி சீட்டை முன்னால் தள்ளி, அது ஓடுகிற தண்டவாளம் ஏற்கெனவே பாரம் என்று சாக்கில் போய்விட்டதால், நான்கு போல்ட்டில் தரையோடு இறுக்கிவிட்டார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு வாரப் பயிற்சியில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதுவரை நான் எங்கே போனாலும் பின்னால் மூட்டை, பக்கத்தில் ஓர் ஆள், "பாத்து, மெதுவா" என்று ஒரு குரல். இப்போது காரில் நான் மட்டும். கிளச்சை விட்டதும் முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் கார் பாயும். அடுப்படியில் நின்றாலும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டேயிருந்தது. அந்த ஓட்டத்தை ஓடியே ஆகவேண்டும் என்று இருந்தது. நான் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

போட்டியன்று காரைக் கராஜ் லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணனும் வந்தார். வரிசையில் முதலில் பாரம் பார்ப்பார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு தட்டு. நான் ஹெல்மட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எழுநூறு என்று வரும் என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தது அறுநூற்று ஐம்பத்தெட்டு.

"நாற்பத்திரண்டு குறைகிறது. அரை மணித்தியாலம் தருகிறேன், சரிப்படுத்திக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் ஓட விடமாட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னார், பாரம் பார்த்த அதிகாரி.

நாற்பத்திரண்டு கிலோ. காற்றிலா போயிற்று? நான் அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். பதினான்கு சாக்கு. பதினான்கை மூன்றால் பெருக்கினேன். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. காரைவிட்டு இறங்கி நேரே அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, எங்க சாமான நிறுத்தீங்களே, கிலோ வெட்டுனீங்களா?"

அண்ணன் ஐஸ்கிரீமை வாயிலிருந்து எடுத்தார். "வழக்கமா வெட்டுறதுதான். தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்னு."

"பம்பர்ல எங்கண்ணே தண்ணி இருக்கு?"

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கை அதுபாட்டுக்கு எழுதிருச்சும்மா" என்றார்.

எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அவருடைய கொழுந்துக்கும் நிறுவையில் இதே வெட்டுத்தான். மழையில்லாத நாளிலும் தண்ணிக்கு இரண்டு கிலோ. வெட்டின கிலோ எங்கே போகிறது என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது அது என் காரிலேயே கைவைத்துவிட்டது: எழுதினதைவிட நாற்பத்திரண்டு கிலோ கூடக் கழற்றியிருந்தோம். நண்பர் இதைச் சிங்களத்தில் அதிகாரிக்கு விளக்கினார். அதிகாரி சிரித்துச் சிரித்துத் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

இவர் மட்டும் பாவமாகக் கேட்டார்: "அப்ப நான் இன்னும் தொண்ணூத்தி நாலா?"

கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கணக்கு அவருக்கும் ஓடியது. அவர் தொண்ணூற்று நான்கு, நான் நாற்பத்தாறு. எனக்குப் பதிலாக அவர் ஏறினால் நாற்பத்தெட்டு கூடும். எழுநூறைத் தாண்டிவிடும். பிறந்ததிலிருந்து கேலிக்கு ஆளான உடம்பு, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவப்போகிறது. ஹெல்மட்டுக்காக என்னிடம் கையை நீட்டினார்.

கொடுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனால் அழுகை அழுகைதானே.

அவர் உள்ளே நுழையப் பார்த்தார். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே வயிறு போகவில்லை. சீட் எனக்கென்று இறுக்கியதாயிற்றே. வெளியே வந்து பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். நான்கு போல்ட்டைக் கழற்றி, பின்னால் நான்கு ஓட்டை போட்டு, மறுபடியும் இறுக்க வேண்டும். அரை மணித்தியாலம் அதற்குத்தான் போதும். குனிந்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். வைத்தவர் திருகவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கச் சகிக்காத கோலம்.

"மச்சாங், நேரம் போகுது!" என்று கத்தினார் நண்பர்.

இவர் ஸ்பேனரோடு காரைவிட்டு லொறியை நோக்கி நடந்தார். அதன் வயிற்றுக்குக் கீழே இருந்த பட்டரியைக் கழற்றத் தொடங்கினார். லொறி பட்டரி என்றால் இரண்டு ஆள் தூக்க வேண்டும். இவர் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட் இருந்த இடத்தில் வைத்து, பட்டை போட்டு, நான்கு போல்ட்டில் இறுக்கினார். போதாததற்கு லொறியின் ஜாக்கியையும் சேர்த்துக் கட்டினார். வியர்வை சொட்டச் சொட்ட ஹெல்மட்டை என் தலையில் வைத்து நாடாவை மாட்டிவிட்டார்.

"ரெண்டாவது கியர அவசரப்பட்டுப் போடாத" என்றார்.

எழுநூற்று மூன்று. விட்டார்கள்.

முதல் ஓட்டத்தில் சிவப்புக் கார் ஒன்றை அரைக் கார் நீளத்தில் முந்தினேன். இரண்டாவது ஓட்டத்தில் தோற்றேன். தோற்றது பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பல் டாக்டரிடம். அவர் காரில் ரேடியோவையே கழற்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கால் மைல் இரண்டு முறையும் என்னுடையது. கோட்டைத் தாண்டி நிறுத்தியபோது உள்ளே தனியாக உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஓடிவந்து அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது அண்ணன் மெதுவாக நழுவியிருந்தார். இவர் பட்டரியைக் கழற்றி லொறியில் பூட்டிவிட்டு, காருக்குள் தலையை விட்டு என் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஆடியது.

"அடுத்த வருஷம்..." என்று தொடங்கினார்.

"அடுத்த வருஷமும் நான்தான் ஓட்டுவேன்" என்றேன். எந்தச் சண்டைக்கும் தயாராகத்தான் நின்றேன்.

அவர் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"அப்ப இதுக்குப் போல்ட்டு பத்தாது" என்றார். "வெல்ட் பண்ணிரவா?"