பேராசிரியர் கேட்ட முன்னுரை

இன்று காலை சேவூரில் என் வீட்டுக்கு என் பழைய தமிழ்ப் பேராசிரியர் வந்தார். கையில் அச்சுக்குப் போகவிருக்கும் அவருடைய கட்டுரைத் தொகுப்பு.

“முன்னுரை நீதாம்மா எழுதணும். என் மாணவிங்கள்ல பேர் வாங்கினவ நீதான்” என்றார்.

அவர் போனபின் புரட்டினேன். சங்கப் பாட்டில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் கணவனுக்கு மனைவி ஏன் கதவைத் திறக்க வேண்டும், அவள் பொறுமையைப் புகழ்வது யாருக்கு வசதி என்று ஒரு கட்டுரையில் கேட்டிருந்தார்.

அதைக் கேட்டது நான். எண்பதுகளின் தொடக்கத்தில், எம்.ஏ. வகுப்பில், எழுந்து நின்று.

அன்று அவர் சொன்ன பதில்: “இன்னாம்மா, பாட்டையே கெடுத்துகினு இருக்கற? வூட்டுக்குப் போய் பாவு பிணைக்கிற வேலையப் பாரு.” வகுப்பே சிரித்தது. அதையே எழுதிய என் நோட்டில் சிவப்பு மையால் ‘விதண்டாவாதம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அந்த நோட்டை நான் எறியவில்லை.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்ப்பதுதான் பிணைப்பது. எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை. அதைத்தானே செய்யச் சொன்னார்? செய்தேன். சிவப்பு மைப் பக்கத்தைப் படமெடுத்து, அந்தக் கட்டுரைக்கு முன்னால் சேர்த்து, “இதுதான் என் முன்னுரை” என்று பதிப்பகத்துக்கும் அவருக்கும் அனுப்பினேன்.

சாயங்காலம் நான்கு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. இப்போது வாசலில் நின்று, “ஒரே ஒரு நிமிஷம்மா” என்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

திறக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.