தொடாத மணிகள்

என் தோள்பையில் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா எப்போதும் கிடக்கும். உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை மர மணிகள். சிறப்பாசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிப்பீட்டுக்கென்று கொடுத்தது. மணிகளைப் பிள்ளையின் முன்னால் கொட்டி, நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்ல வேண்டும். தானாகப் பிரித்தால் ‘இயலும்’. கைபிடித்துக் காட்டியபின் பிரித்தால் ‘உதவியுடன்’. இல்லையென்றால் ‘இயலாது’. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் உப்பூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்து அம்மா ஒருவரின் முகம் வந்து நிற்கிறது.

அவருடைய மகள் எங்கள் பள்ளியில் படித்தாள். பேச்சு வராது, புரிந்துகொள்வதும் மெதுவாகத்தான். அந்த அம்மா காலையில் கரைக்குப் போய், வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கவிச்சி வாடை போகாத கையோடு மகளை அழைத்து வருவார். மதிப்பீட்டு நாளில் மட்டும் அவரை வெளியே அனுப்பிவிடுவேன். அம்மாக்கள் பக்கத்தில் இருந்தால் கண்ணாலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குள் எழுதாத விதி. அவர் கொடிக்கம்பத்தடியில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே மகள் மணிகளைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். பிடித்து இழுத்தால் அழுவாள். நான் ‘இயலாது’ என்று எழுதுவேன். மூன்று வருடம், அதே கட்டத்தில் அதே சொல்.

மதிப்பீடு எதற்கு? அடுத்து எதைக் கற்றுத்தர வேண்டும், நாம் கற்றுத்தருவதில் எங்கே கோளாறு என்று நமக்குச் சொல்லத்தான். பயிற்சி வகுப்பில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடம் ஒன்றுபோல வந்தபோது என்னை நானே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆண்டு மதிப்பாய்வுக் கூட்டத்தில் அதிகாரிகள் என் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் இல்லை, வீட்டுவழிக் கல்விக்கு மாற்றலாம் என்று முடிவானது. நானும் தலையாட்டினேன். வாரம் ஒருநாள் வேறோர் ஆசிரியை வீட்டுக்குப் போனார். அவரும் என் தாளை நம்பி, பிரிக்கிற வேலை எதையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. “எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு டீச்சர்?” என்று அந்த அம்மா கேட்டார். தப்பெல்லாம் இல்லை, அவளுக்கு இதுதான் வசதி என்றேன். அப்போது எனக்கு வாய் கூசவில்லை.

எங்கள் திட்டத்தில் பதினெட்டு வயதுவரைதான் இடம். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கும் படிவத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்க நான் போக வேண்டி வந்தது. கரையில் தாயும் மகளும் நடுவில் வலையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு கூடையில், சின்னது இன்னொன்றில், சினை நண்டு தனியாக வாளியில். ஒன்றுகூட மாறிப் போகவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து மணிகளை மூடியில் கொட்டி அவள் முன் வைத்தேன். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

அந்த அம்மா சிரித்தார். “அடுத்தவுக சாமானத் தொடமாட்டா டீச்சர். சின்னதுல ஒருக்கா கடையில மிட்டாய எடுத்துட்டான்னு தெருவே கூடி ஏசிருச்சு. அன்னைலருந்து கையப் பின்னால கட்டிக்கன்னு நாந்தான் பழக்குனேன். நான் சொன்னாத் தொடுவா.” மகளிடம் திரும்பி, “எடு தாயி, பிரிச்சு வையி” என்றார்.

கண்மூடித் திறப்பதற்குள் மூன்று குவியல்.

“பிரிச்சுட்டால்ல? இனி ஸ்கூலுக்குக் கூட்டியாரவா டீச்சர்?”

வயது முடிந்துவிட்டது என்று சொல்லிப் படிவத்தை எடுத்தேன். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தேன், வழியில்லை என்றார்கள். இப்போதெல்லாம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டில் பிள்ளை என்னென்ன செய்யும் என்று கேட்ட பிறகுதான் தாளை எடுக்கிறேன். அவளுக்கு அதனால் என்ன?

அன்று கிளம்பும்போது, “இது உனக்குத்தான், வச்சுக்க” என்று டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் மணிகளை ஒன்றுவிடாமல் உள்ளே போட்டு மூடினாள். டப்பாவை என் பக்கமே தள்ளிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.