டிரங்க் பெட்டித் துப்பாக்கி

பட்டப்பகலில் பேயா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இது திருத்தணியில், ஆடிக்கிருத்திகை அன்று, மதியம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் நடந்தது. ஒரு எழுத்துக்கூட இட்டுக்கட்டியதில்லை.

காவடிக் கூட்டத்தோடு தெருவே மலைக்குப் போயிருந்தது. பிரேமகுமாரி டீச்சர் மட்டும் வீட்டில் தனியாக, நாலு வருடம் முன்பு இறந்துபோன மாமனார் சுந்தர்சிங்கின் டிரங்க் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார். தனிமை அவருக்குப் புதிதில்லை. கணவர் ஆபேல் போய் இருபத்தொன்பது வருடம். டீச்சர் பள்ளிப்பட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. மே பத்தாம் தேதி காலையில் எவளோடோ திருப்பதி பஸ் ஏறிவிட்டான், என் கண்ணாலேயே பார்த்தேன் என்றார் மாமனார். ஊரும் நம்பியது. டீச்சர் மட்டும் ரேஷன் கார்டில் கணவர் பெயரை நீக்கவே இல்லை.

பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணிக்குள்... ஒரு ரிவால்வர்.

போலீஸில் ஒப்படைக்கும் முன் அது என்ன ஏது என்று தெரிய வேண்டும். ஆர்.கே.பேட்டையில் இருக்கும் எல்லப்பனுக்குப் போன் போட்டார். ஒரு காலத்தில் இங்கே ஸ்டேஷனில் ஆயுதங்களைப் பார்த்துக்கொண்ட ஏட்டு. மாற்றலாகிப் போய் வெகு காலம், இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. திருவிழா நெரிசலில் பஸ் வராது, நாளைக்கு வருகிறேன், இப்போதைக்கு வீடியோவில் காட்டுங்கள் என்றார்.

மணி 12.10. போனைச் சொம்பில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்தார் டீச்சர். எல்லப்பன் சொன்னபடி குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மடக்கித் திறந்தார்.

கடக்...

ஐந்து தோட்டா. ஆறாவது அறை காலி. சுத்தியலுக்குக் கீழே ஒன்றைக் காலியாக விடுவது பழைய ஆட்களின் வழக்கம், பயப்படாதீர்கள் என்றார். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்காம். பிறகு அதில் பொறித்திருந்த நம்பரைப் படிக்கச் சொல்லி, தன் பழைய நோட்டைப் புரட்டினார்.

ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"டீச்சரம்மா, இது உங்க மாமனார் லைசென்ஸ் துப்பாக்கி. தொண்ணூத்தாறு எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல வாங்கி வெச்சோம். கையெழுத்து போட்டு திருப்பி வாங்கிகினு போனது உங்க வீட்டுக்காரரு. நைனாவுக்கு ஜுரம்னாரு. லைசென்ஸ்காரர் கையிலதான் தரணும்... தெரிஞ்ச குடும்பமாச்சேன்னு குடுத்துட்டேன். மே பன்னெண்டு."

பன்னிரண்டா?

பத்தாம் தேதி பஸ் ஏறியவர், பன்னிரண்டாம் தேதி இங்கே எப்படி? அப்படியென்றால் அவர் யாரோடும் ஓடவில்லை. துப்பாக்கி வீடு வந்து சேர்ந்திருக்கிறது. கொண்டுவந்தவர்...?

"கையெழுத்து அவருதுதானா, அண்ணே?"

"ஆங். என்னை ஏன் கேக்கறீங்க? பின்னாடி நின்னுகினு கீறாரே, அவரையே கேளுங்க. அன்னிக்குப் பார்த்த மாதிரியே கீறாரு."

மணி 12.34. போன் கட்டானது.

டீச்சர் திரும்பவில்லை.

தோளுக்குப் பின்னால் மூச்சு. யாரோ பேச முயல்வதுபோல்...

ம்ம்... ம்ம்ம்...

"ஏங்க... நீங்களா?"

ம்ம்...

"ஒரு வார்த்தை சொல்லுங்க."

சத்தம் நின்றது.

திரும்பினார். வெறும் சுவர்.

ஒரு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பயத்தில் இல்லை. இன்னொரு முறை கேட்காதா என்று.

மறுநாள் எல்லப்பன் வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. பாதியில் ஏன் போனை வைத்தீர்கள் என்று கேட்டார் டீச்சர்.

"பயந்துதாம்மா வெச்சேன். மொதல்ல அவரு ஒருத்தர்தான்னு நெனச்சேன். அப்புறம்தான் அவரு முதுகுக்குப் பின்னாடி, செத்துட்டாருன்னு நீங்க சொன்ன உங்க மாமனாரைப் பார்த்தேன்."

குரல் இறங்கியது.

"பெரியவரு, உங்க வீட்டுக்காரரு வாயைப் பொத்திக்கினு நின்னாரும்மா."