கொஞ்சம் நெருங்கி நில்லுங்க

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு யாருக்கு என்ன வயது என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தெரிந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியாது. இலங்கை மலையகத்தில், பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக நான் படும் பாடு இது. ஆட்களோடு பேசிப் பிழைக்கும் யாருக்கும் இது விளங்கும்.

போன வருடம் எனக்கே ஒரு சிக்கல் வந்தது. என் கடையில் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தும் சந்திரன், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டார். எனக்கு நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு முப்பத்து நான்கு. ஆறு வருடமாக 'அக்கா' என்றவர், கேட்ட நாளிலிருந்து என்னை முறை சொல்லியும் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. தொண்டையைக் கனைப்பார், நான் திரும்புவேன். எனக்கும் அவரைப் பிடிக்கும், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பயமெல்லாம் அந்த ஒன்பது வயது வித்தியாசம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கடைக்கு வருகிற ஜோடிகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

நாற்காலி

லுணுகலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும், முப்பது வயது மதிக்கக்கூடிய ஒருவரும் வந்தார்கள். நான் வழக்கம்போல அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவரைப் பின்னால் நிறுத்தி, அம்மா தோளில் கையை வைக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வைத்தார். கவரில் எழுதப் பெயர் கேட்டபோதுதான் புருஷன் பொண்டாட்டி என்று தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டு, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. புறப்படும்போது மட்டும் சொன்னார்: "விடுங்கம்மா, எங்க போனாலும் என்னைத்தான் மொதல்ல உக்காரச் சொல்றாங்க. இவருக்குப் பழகிப்போச்சு, எனக்குத்தான் இன்னும் பழகல."

சுருக்கம்

அன்றைக்கே சந்திரனிடம் முடியாது என்று சொல்ல முடிவெடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வந்த ஜோடி அதைக் கெடுத்தது. அவர் லொறி ஓட்டி ஓய்ந்தவர், அறுபதை நெருங்குகிறார். புது மனைவிக்கு நாற்பது. அந்த அம்மா வெளியே போன நேரம் பார்த்து, முகத்துச் சுருக்கத்தையும் நரையையும் எடுத்துவிடும்படி காதோடு காதாகக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னபடி சந்திரனும் எடுத்தார். படத்தை வாங்க மனைவி மட்டும் வந்தார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வேலை சுத்தம் என்று பாராட்டு வரும் என்று நின்றேன். "இந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. என் வீட்டுக்காரர் படம் இருந்தா குடுங்க."

பெரட்டு

திருத்தாத படத்தையும் சந்திரன் முன்கூட்டியே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். அதை அந்த அம்மாவிடம் நீட்டியபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். சம்மதம் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் வந்தார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில், யாருக்கு எந்தத் தேயிலை மலை என்று பிரித்துவிடும் ஆள். மனைவியை இழந்தவர், நாற்பத்தைந்து இருக்கும். கூட வந்த பெண்ணுக்கு இருபத்து நான்கு. அவர் கையின் கீழேயே கொழுந்தெடுப்பவர். கல்யாணப் பதிவுக்கு முன் ஜோடியாக ஒரு படம் வேண்டுமாம். கங்காணி போன் பேச வாசலுக்குப் போனதும், அவளிடம் உனக்கு விருப்பம்தானா என்று கேட்டேன். பதிலைக் கேட்ட பிறகு, கேமராவில் கோளாறு என்று பொய் சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் சொன்னது இதுதான்: "நல்லவருதாங்க. ஆனா மாட்டேன்னு சொல்லிப் பாத்ததில்ல. சொன்னா எந்த மலைக்கு அனுப்புவாருன்னு யாருக்குத் தெரியும்?"

பதுளை பஸ்

அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. கங்காணியை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்த்தால் சந்திரன் என் கம்ப்யூட்டரில், என் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். கேட்டது அவர்தான். ஆனால் நாளைக்கு அவருக்கு மனம் மாறினால், வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பாரே? வயதைப் பார்த்துப் பார்த்து இதைப் பார்க்காமல் விட்டேனே என்று வெட்கமாக இருந்தது. பதுளையில் தோழி ஒருத்தியின் ஸ்டூடியோவில் அவருக்கு வேலை பேசினேன். மூன்று மாதம் அங்கே இருங்கள், மனம் மாறினால் வரவே வேண்டாம் என்றேன். சுற்றி வளைத்து முடியாது என்கிறேன் என நினைத்திருக்க வேண்டும், முகம் விழுந்துவிட்டது. சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மூன்று மாதமும் நானே திருத்தினேன். எல்லா முகமும் சுண்ணாம்பு பூசிய சுவராக வந்தது. அழுகையும் வந்தது, சொல்வதற்கென்ன. நான்காம் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். அங்கேயே வேலை நிரந்தரமாகிவிட்டது, அதனால் மறுபடி கேட்கிறேன் என்றார். சரி என்றேன். ஒரு படம் எடுப்போம் என்று கேமராவில் டைமரை வைத்தார். பழக்க தோஷத்தில் நான் நாற்காலியை இழுத்தேன்; அவர் அதை ஓரமாகத் தள்ளினார். ஒரு முழம் தள்ளி நின்றேன். இந்தத் தடவை அவர் தொண்டையைக் கனைக்கவில்லை. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, ராஜேஸ்வரி."

பதினெட்டு வருடமாக ஊர் ஜனத்தையெல்லாம் நெருங்கி நிற்கச் சொன்ன எனக்கு, அதே வார்த்தையைக் கேட்க ஓர் ஆளைப் பதுளை வரை தள்ளிவிட வேண்டியிருந்தது.