நடுச்சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ

புது வூட்டுக்குப் பெயிண்ட் காய்ந்த மறுநாளே என் மகள் ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். கம்பெனியில் லீவு சொல்லியிருந்தாள். பையில் ஒரு கத்தை போட்டோ, நாலு செல்லோடேப், ஒரு கத்திரிக்கோல். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். இது முழுக்க நம்ம குடும்பம்தாம்ப்பா என்றாள்.

எனக்கு அது புதுசு. பழைய ஓட்டு வூட்டில் சுவரில் போட்டோ என்றால் செத்தவர்கள்தான். மாலை, பொட்டு, மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு. உயிரோடு இருக்கிற நாங்கள் பீரோவில் ரேஷன் கார்டோடு ஒரே கவரில் கிடப்போம்.

என் வூட்டுக்காரி ஒரே ஒரு சட்டம் போட்டாள். இருக்கிறவர்கள் இந்தச் சுவர், போனவர்கள் தெற்குச் சுவர். கலக்கக் கூடாது. மற்றபடி மகளைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம்.

மகள் நேராக ஆணி அடிக்க விடவில்லை. பழைய தினசரியை பிரேம் அளவுக்கு வெட்டி வெட்டிச் சுவரில் ஒட்டினாள். தள்ளி நின்று பார்ப்பாள். பிய்த்து வேறு இடத்தில் ஒட்டுவாள். அம்மாவும் மகளும் ஒரு பகல் பூரா அதையே செய்தார்கள். சோறு ஆறிப்போனது.  எனக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. மகள் பெரிய மனுஷி ஆனபோது எடுத்தது இங்கே, மகன் லைசென்ஸ் எடுத்த அன்று வண்டிமேல் சாய்ந்து நின்றது அங்கே, என் அக்கா குடும்பம் மேலே. பேப்பரிலேயே சுவர் நிறைந்துவிட்டது.

நடுவில் ஒரு பெரிய பேப்பர். பன்னிரண்டுக்குப் பதினைந்து இன்ச். அதை ஒட்டியது என் வூட்டுக்காரி. அது எதுக்கும்மா என்று மகள் கேட்டாள். எங்க கல்யாணப் போட்டோ என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். எங்களுக்குக் கல்யாணப் போட்டோ கிடையாது.

எங்கள் கல்யாணம் மலைக்கோயிலில். அன்றைக்கு ஒரே முகூர்த்தத்தில் ஏழு ஜோடி. என் மச்சான், வூட்டுக்காரியின் தம்பி, யாரிடமோ கேமரா வாங்கி வந்திருந்தான். நாள் பூராப் படம் எடுத்தான். ரோல் முடிந்ததும் உள்ளே எல்லாரும் விழுந்திருக்கிறோமா என்று பார்க்க வெயிலில் வைத்துக் கேமராவைத் திறந்துவிட்டான். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்கு ஆச்சு இருபத்தாறு வருசம்.

அந்த மச்சான்தான் சாயங்காலம் டிரில் மிஷினோடு வந்தான். சுவரைப் பார்த்துவிட்டு, நடுவுல என்னக்கா வெறும் பேப்பரு என்றான்.

"நீ அந்த எடத்துல நின்னுக்கடா. கண்ணாடி போட்டு மாட்டிடறோம்" என்றாள் என் வூட்டுக்காரி.

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டை போட ஆரம்பித்தான். எல்லாச் சிரிப்பும் முடிந்த பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள், அந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்கலாமே என்று. வூட்டுக்காரி கேட்கவில்லை. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும் என்றாள். யார் வூட்டுக்குப் போனாலும் இவள் முதலில் அவர்கள் கல்யாணப் போட்டோவுக்கு முன்னால்தான் நிற்பாள். அது எனக்குத் தெரியும். பேசினதில்லை.

மறுநாள் எனக்கு ஒரு லோடு இருந்தது. நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். தக்காளி, மாங்காய், வூடு காலி பண்ணுகிறவர்கள் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவேன். அன்றைக்கு பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு வூடு. பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வானவர். மகனுக்கு ரயில்வேயில் வேலை, பொம்மிடியில் வூடு பிடித்திருந்தான். புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் அவனோடு இருக்கப் போகிறார்கள்.

கட்டில், பீரோ எல்லாம் முதலில் ஏறும். கண்ணாடிச் சாமானைக் கடைசியில் நானே எடுப்பேன். ஆள்களை விட மாட்டேன். பெட்சீட்டில் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் சொருகிவிட்டால் ஒரு கீறல் விழாது. அப்படித்தான் அந்தப் பெரிய பிரேமைக் கழற்றினேன். தாலி கட்டுகிற போட்டோ. கலர் கொஞ்சம் வெளுத்திருந்தது.

எனக்கு முதலில் கட்டைவிரல்தான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் வலது கட்டைவிரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் கரும்பு வெட்டும்போது எனக்கு நகத்தோடு போய்விட்டது. என் அம்மா மஞ்சளில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டாள். முடிச்சுப் போட முடியாமல் நான் கயிற்றைப் பிடித்தேன், மூன்று முடிச்சையும் அக்காதான் போட்டாள். போட்டோவில் விரல் அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கிறது. பொண்ணு தலை குனிந்திருக்கிறாள். கும்பிட்ட கையில், முழங்கைக்குக் கீழே, பச்சை குத்தின தேள், என் வூட்டுக்காரி கையில் இருக்கிற அதே தேள்.

முகம் தெரியாது. நெற்றியில் கட்டின பாசிகத்தின் சரிகைத் தொங்கல் இரண்டு பேருக்கும் கண்ணை மறைத்துவிட்டது. மஞ்சளில் முக்கின புடவை எல்லாப் பொண்ணுக்கும் ஒன்றுதான். ஏழு ஜோடியும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களும் அந்த ஏழில் ஒரு ஜோடி; இவர்கள் கூட்டி வந்த போட்டோக்காரர், தன் ஜோடி என்று நினைத்து எங்களை எடுத்துவிட்டார்.

பிரேமை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  அந்த வூட்டம்மா, பார்த்துங்க, அது ஒடஞ்சா இவரு என்னை ஒடைச்சிடுவாரு என்றார்கள். சரிங்க என்றேன்.

பொம்மிடியில் எல்லாம் இறக்கினோம். அதை மட்டும் இறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

வூட்டுக்கு வந்து பெட்சீட்டைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்தேன். பாருன்னு மட்டும் சொன்னேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.  பிறகு தன் முழங்கையை போட்டோவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். தேளும் தேளும்.

"நான் இவ்ளோ ஒல்லியாவா இருந்தேன்?" என்றாள்.

அப்புறம் வூடே தலைகீழ். மகள் ஓடி வந்தாள். பிரேமைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பார்த்தார்கள். பேப்பர் அளவுக்கு மயிரிழை கூடக் குறையவில்லை. இவள் தம்பிக்குப் போன் போட்டு, உன்னால போன போட்டோ வந்துடுச்சுடா, நீ கேமராவத் தொறந்தது வீணாப் போச்சு என்றாள். மகள் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடி மின்னாமல் சாய்த்துப் பிடித்து, தன் போனில் நாலைந்து தடவை படம் எடுத்துக்கொண்டாள். நான் மூன்றாவது டம்ளர் டீ குடித்தேன். எதற்கென்று தெரியாமல் வண்டியைக்கூட ஒரு தடவை கழுவினேன்.

அந்த நேரத்தில் போன் வந்தது. பொம்மிடிக்காரர்.

"தம்பி, ஒரு பிரேம் வண்டியில தங்கிடுச்சா பாருங்க. எங்க கல்யாணப் போட்டோ."

இருக்குதுங்க, காலையில கொண்டாறேன் என்றேன். என் வூட்டுக்காரி பக்கத்திலேயே நின்றாள். கேட்டு எடுத்தீங்களா என்றாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மகளுக்கு இதில் குழப்பமே இல்லை. போட்டோ நம்மது, உண்மையைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் பிரேமைக் கொடுத்துவிட்டு, போனில் எடுத்ததைப் பெரிசாக்கி மாட்டிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகுது?

இவள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. இருபத்தாறு வருசமாக ஒரு மனுசன் தன்னுடையது என்று பார்த்துக்கொண்டிருந்ததை, இல்லை என்று போய்ச் சொல்வதா என்றாள். சரி, சொல்லாமல் மாட்டிக்கலாம் என்றால் அதுவும் கூடாது.

"என் கல்யாணத்த நானே திருடிக் கொண்டாந்து மாட்ட மாட்டேன்" என்றாள்.

காலையில் மகளை பஸ் ஏற்றிவிட்டு, இரண்டு பேரும் வண்டியில் கிளம்பினோம். பிரேம் அவள் மடியில். வழி பூரா அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வளைவில் நான் பிரேக் போட்டால் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். சொல்லப் போறியா என்று கேட்டேன். போய்ப் பார்க்கலாம் என்றாள்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். பிரேமை வாங்கி, தோள் துண்டால் துடைத்து, நாங்கள் உட்காருவதற்குள் மாட்டிவிட்டார். அப்புறம் எங்களுக்கு அதை விளக்க ஆரம்பித்தார். கூட்டத்துல தாலி கட்டவே எடம் இல்லீங்க. எங்கம்மா ஒரு பக்கம் அழுவறாங்க. இதப் பாருங்க, காப்பு கட்டின ஐயரு கட்டைவிரலுக்கும் சேர்த்துச் சுத்திட்டாரு. அன்னைக்கு இருந்த பதட்டத்துல எனக்கு அதுகூட ஞாபகம் இல்ல.

நான் என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். அதில் இன்றைக்கும் நகம் பாதிதான்.

என் வூட்டுக்காரி வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். மாட்டின எடம் நல்லாருக்குதுங்க என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான், நம் சுவரில் பேப்பர்தான் இனி என்று நினைத்தேன்.

அந்தம்மா காபி கொண்டுவந்தார்கள். இவள் டம்ளருக்குக் கை நீட்டினாள். அந்தம்மாவின் கை அப்படியே நின்றது. அவர்கள் பார்த்தது தேளை. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி, வாங்க, அடுப்படி எப்படி இருக்குன்னு பாருங்க என்று இவளை உள்ளே கூட்டிப் போனார்கள். ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் போனது. அவர் அது என்ன வண்டி என்று எனக்குச் சொன்னார். காதில் விழவில்லை.

உள்ளே நடந்ததை இவள் வண்டியில் சொன்னாள். போட்டோவில் இருப்பது தாங்கள் இல்லை என்று அந்தம்மாவுக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். அவர்கள் கையில் பச்சையே கிடையாது. ஆல்பம் வந்ததும் மாமியார் இதுதான் நல்லா இருக்கு என்று பெரிசு பண்ணிவிட்டார். வந்து பத்து நாள் ஆன மருமகள், இது நானில்லை என்று எப்படிச் சொல்வது. அப்புறம் சொல்ல முடியாமலே போய்விட்டது. அவர் எங்கே கிளம்பினாலும் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம்.

"கல்யாண நாள் வந்தா தொடச்சு வெப்பேன். யாரோ ஒரு ஜோடி, நல்லாருக்கட்டும்னு நெனச்சுக்குவேன்" என்றார்களாம். "உங்களது, நீங்க ஒண்ணு மாட்டிக்குங்க. இவரு கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

இதைச் சொல்லும்போது இவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆனால் வண்டி கொஞ்சம் வேகமாகத்தான் போனது.

மகள் போனிலிருந்து அனுப்பினாள். தருமபுரி ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் ஏற்றிய பையன், முகத்தைத் தெளிவாக்கித் தரட்டுமா, விரல்ல இருக்கற துணிய எடுத்துடட்டுமா என்று கேட்டான். எதையும் தொடாதே என்று இவள் சொல்லிவிட்டாள். மச்சான் வந்து பேப்பரைப் பிய்த்தான். இரண்டு ஓட்டை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மாட்டினான். மகள் வீடியோ காலில் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் என்று கத்திக்கொண்டிருந்தாள். இவள் தள்ளி நின்று பார்த்தாள். அன்றைக்கு அக்கம்பக்கம் யார் வந்தாலும் கையைப் பிடித்து அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினாள். பொம்மிடிக்காரரு என்னைக்காவது நம்ம வூட்டுக்கு வந்தா என்ன பண்றது என்று கேட்டேன். வரட்டும், பாசிகம் கட்டினா எல்லாரும் ஒரே மாதிரிதான் என்றாள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்தம்மா கடைசியில் இவளிடம் ஒன்று கேட்டார்களாம். எங்களை அவர்கள் போட்டோக்காரர் எடுத்துவிட்டார். அவர்கள் தாலி கட்டினதை வேறு யாராவது எடுத்திருப்பார்கள் இல்லையா? ஏழு ஜோடி, அத்தனை கேமரா. எங்கேயாவது ஒரு வூட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

"உங்க வூட்டுக்காரரு நாலு வூட்டுக்குப் போறவரு. கண்ணுல பட்டா சொல்லச் சொல்லுங்க. எனக்கு ஒரு காதுல ஜிமிக்கி இருக்காது. படியேறும்போது விழுந்துடுச்சு."

அதிலிருந்து எந்த வூடு காலி பண்ணப் போனாலும் கட்டிலுக்கு முன்னால் போட்டோவைத்தான் இறக்குகிறேன். ஆள்கள் என்னண்ணா முறை மாறுது என்கிறார்கள். நான் பொண்ணுடைய காதைப் பார்த்துவிட்டு பெட்சீட்டில் சுற்றுகிறேன். இதுவரைக்கும் பதினாலு கல்யாணம் பார்த்தாச்சு. எல்லார் காதிலும் ஜிமிக்கி இருக்கிறது. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டும்போதே இவள் உள்ளேயிருந்து கேட்கிறாள், இன்னைக்கு எந்த ஊருங்க, மலைக்கோயில் கல்யாணமான்னு கேட்டீங்களா என்று. நாளைக்கு வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு வூடு இருக்கிறது. வயசான புருசன் பெண்டாட்டி. சுவரில் பெரிய போட்டோ ஒன்று இருக்கிறது, பார்த்துக் கழட்டணும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.